தோட்டத்துத் தாயும் தாய்ப்பாலும்

மலேசியத் தோட்டத் தமிழரின் வரலாற்றை எழுதியோர் பலர். கங்காணி முறை, கூலி விகிதம், கள்ளுக்கடை, வேலைநிறுத்தம், தமிழ்ப்பள்ளி ஆகியவை குறித்து நூல்களும் கட்டுரைகளும் நம்மிடையே உள்ளன. ஆனால் அத்தோட்டங்களில் சூல்கொண்ட பெண் எதை உண்டாள், பிள்ளை பெற்றவள் எவ்வாறு பாலூட்டினாள், அவளுடைய பேத்திக்கு இன்று கருத்தரிப்பதும் பால் சுரப்பதும் ஏன் அரிதாகின்றன என்னும் வினாக்கள் ஆய்வாளர் கண்ணில் படாமல் அடுக்களை ஓரத்திலேயே நின்றுவிட்டன. கூலியின் வரலாறு ஆவணக் கட்டுகளில் இருக்கிறது. உணவின் வரலாறோ அரிசி மூட்டையிலும் பால் டின்னிலும் எண்ணெய்ப் பீப்பாயிலும் மறைந்து கிடக்கிறது.

சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் கோல சிலாங்கூரை மையமாகக் கொண்டு ஜெராம், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை எனவும், வடக்கே சபாக் பெர்ணம் வரையிலும் பரந்து கிடக்கும் தோட்டங்கள் இவ்வரலாற்றுக்கு ஏற்ற களமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிலாங்கூரில் காப்பி பயிரிடப்பட்டது. காப்பி வீழ்ந்தபின் ரப்பர் வந்தது. பின்னர்ச் செம்பனை வந்தது. பயிர் மாறுந்தோறும் வேலை மாறியது. வேலை மாறுந்தோறும் பெண்ணின் உடலும் மாறியது.

முதலில் அரிசியைப் பற்றிக் கூற வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் வீங்கும், நரம்பு தளரும், இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனரிடையே அந்நோய் மிகுதியாகக் காணப்பட்டது. அவர்கள் உண்டதோ நன்கு தீட்டிய சயாம் பச்சரிசி. தோட்டத் தமிழரிடையே அந்நோய் மிக அரிதாயிருந்தது. இவர்கள் உண்டது புழுங்கலரிசி. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் இவ்வேறுபாட்டை உற்றுநோக்கி 1907-இல் நூலாகவே எழுதினார். 1905-ஆம் ஆண்டு கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்பார் நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டோருள் பலர் நோயுற்றனர்; இறந்தோரும் உளர். புழுங்கலரிசி உண்டோரிடையே நோய் அநேகமாகத் தோன்றவேயில்லை. அதன்பின் பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர் நெகிரி செம்பிலானின் டுரியான் திப்புஸ் காட்டுப் பகுதியில் சாலை அமைத்த ஜாவானியத் தொழிலாளரிடம் இதே ஆய்வை விரிவாக நடத்தி, தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒரு பொருளே உயிர் காப்பது என நிறுவினர். அப்பொருள் 1926-இல் பத்தேவியாவில் தனியே பிரித்தெடுக்கப்பட்டது. அதுவே இன்று உயிர்ச்சத்து பி1 எனப்படுவது. நெல்லை அவிக்கும்போது இச்சத்து தவிட்டிலிருந்து அரிசிக்குள் ஊறிவிடுகிறது. ஆகவே பிறகு தீட்டினாலும் முற்றிலும் போய்விடுவதில்லை.

இவ்வாய்வுகள் மருத்துவ நூல்களில் ஆண் தொழிலாளரின் கதையாகவே கூறப்படுகின்றன. ஆயினும் இதன் மறுபக்கம் தாய்ப்பாலில் உள்ளது. தாயிடம் இச்சத்துக் குறைந்தால் அவள் பாலிலும் குறையும். தாய் நடமாடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு, மூன்று மாதக் குழந்தை திடீரென நீலம் பாய்ந்து இறக்கும். பிலிப்பைன்சில் இவ்வாறு இறந்த கைக்குழந்தைகள் எண்ணற்றவை. அங்கு 1912-இல் வெட்டர், சேம்பர்லின் ஆகிய மருத்துவர்கள் தவிட்டுச் சாற்றைப் புகட்டி நோயுற்ற குழந்தைகளைப் பிழைக்கச் செய்தனர். தோட்டத்துத் தமிழ்த் தாயின் குழந்தைக்கு இந்த இடர் பெரிதும் நேராதிருந்தமைக்குக் காரணம், அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த உணவுப் பழக்கமே. துரையும் அறியார், கங்காணியும் அறியார். அவித்த நெல் அவள் பிள்ளையைக் காத்தது.

எனினும் அரிசி ஒன்றே எல்லாவற்றையும் காத்துவிடவில்லை. மலேரியாவும் கொக்கிப்புழுவும் இரத்தத்தை உறிஞ்சின. மலேரியாக் காய்ச்சலால் கருச்சிதைவு நேர்வது அன்றும் இன்றும் அறிந்த செய்தி. 1901-இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் கடலோரச் சிலாங்கூரின் சதுப்பு நிலங்களை வடித்துக் கொசுவை ஒடுக்கிய பணி, தோட்டப் பெண்களின் கருப்பையையும் காத்த பணி எனலாம்.

கூலியிலோ பெண்ணுக்கு எப்போதும் ஒரு படி கீழ்தான். 1920-களின் இறுதியில் எளிதில் சென்றடையக்கூடிய பகுதிகளில் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் திட்டக் கூலியாக வகுக்கப்பட்டன. ஆனால் வேலையில் குறைவில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, முந்நூறு முதல் ஐந்நூறு வரையிலான மரங்களைச் சீவி, மங்குகளில் வடிந்த பாலைச் சேர்த்து, வாளி சுமந்து நிறுவைக்கு வர வேண்டும். ரப்பர் மரத்தின் சாற்றுக்கு நம் மக்கள் 'பால்' என்றே பெயரிட்டனர். தன் பாலைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டிய வேளையில் மரத்தின் பாலைத் தோட்டத்துக்குச் சேர்த்தவள் அவள்.

அவள் காட்டுக்குச் சென்ற பொழுதில் குழந்தை ஆயாக் கொட்டகையில் கிடந்தது. ஒரு மூதாட்டி இருபது குழந்தைகளுக்குத் தூளி ஆட்டுவாள். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு குழந்தைக் காப்பகத்துக்கும் மகப்பேற்று உதவித்தொகைக்கும் வழி செய்தது உண்மையே; தாய் குழந்தையிடம் நடுவில் வந்து செல்ல அது வழி செய்யவில்லை. தாய்ப்பால் கிணற்று ஊற்றைப் போன்றது. இறைக்க இறைக்கவே ஊறும். மார்பில் தேங்கினால் சுரப்புக் குறையும். அதிகாலை முதல் நண்பகல்வரை பிள்ளை வாய் வைக்காத மார்பு சில வாரங்களில் வற்றத் தொடங்கும். அந்த இடைவெளியில்தான் கட்டிப்பால் டின் நுழைந்தது.

அந்த டின்னைக் குறித்துத் துணிந்து பேசியவர் ஒரு பெண். ஜமைக்காவில் பிறந்த சிசிலி வில்லியம்ஸ் என்னும் அம்மையார் மேற்கு ஆப்பிரிக்காவில் குழந்தைகளின் புரதக் குறைநோயை முதன்முதலாக மருத்துவ உலகுக்கு விளக்கியவர். 1936-இல் மலாயாப் பகுதிக்கு மாற்றப்பட்டார். சிங்கப்பூரில் தாதியரைப் போல் வெள்ளுடை உடுத்திய பெண்கள், பிள்ளை பெற்ற வீடுதோறும் சென்று இனிப்புக் கட்டிப்பாலைப் பரிந்துரைப்பதைக் கண்டார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரிக் கழகத்தில் 'பாலும் கொலையும்' என்னும் தலைப்பில் உரையாற்றினார். தாய்ப்பாலுக்கு மாற்றாக இதை விற்பதால் நேரும் மரணங்களைக் கொலையாகவே கருதவேண்டும் என்பது அவர் வாதம். ஜப்பானியர் காலத்தில் சாங்கி முகாமில் அடைபட்டுத் துன்புற்றும் அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மலேசியா குழந்தைப்பால் விற்பனைக்கான நெறிமுறையை 1979-இல் வகுத்தது. உலக சுகாதார அமைப்பு 1981-இல் அனைத்துலக நெறிமுறையை ஏற்றது. நாற்பதாண்டுகளுக்கு முன் ஒருவர் எழுப்பிய குரலுக்கு உலகம் அத்தனை காலம் கடந்துதான் செவிசாய்த்தது.

ஜப்பானியர் ஆட்சி நிலவிய 1942 முதல் 1945 வரையிலான காலத்தை விரித்துரைக்கத் தேவையில்லை. ஆண்கள் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். எஞ்சிய பெண்கள் மரவள்ளிக் கிழங்கும் கீரையும் தின்று உயிர் தரித்தனர்.

அந்தக் கீரைதான் இனிக் கருதத்தக்கது. லயத்தின் பின்புறம் போத்து நட்டால் வளரும் முருங்கை, வேலியோரத்துக் கறிவேப்பிலை, வாய்க்கால் ஓரத்துப் பொன்னாங்கண்ணி, தானே முளைக்கும் மணத்தக்காளி, மலாய் அண்டை வீட்டாரிடமிருந்து கற்றுக்கொண்ட சாயோர் மானிஸ் ஆகியவை காசு கொடாமல் கிடைத்தவை. பிள்ளை பெற்றவளின் பத்தியத்தில் முருங்கைக் கீரையும் பூண்டும் வெந்தயமும் சுக்கும் மஞ்சளும் இடம்பெற்றன. கடலோரத் தோட்டங்களில் பால்சுறாப் புட்டும் சேர்ந்தது. இவற்றுட் சில இக்கால ஆய்வுக்கு உட்பட்டுள்ளன. பிலிப்பைன்சில் குறைமாதக் குழந்தைகளைப் பெற்ற தாய்மாரிடம் 2000-ஆம் ஆண்டளவில் நடந்த சிறிய ஆய்வு ஒன்றில், முருங்கையிலை உண்டோர்க்குப் பால் அளவு கூடியது. அமெரிக்காவில் 1991-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, தாய் பூண்டு உண்டபின் பாலின் மணம் மாறுவதையும், குழந்தை கூடுதல் நேரம் மார்பில் தங்கிப் பருகுவதையும் காட்டியது. இவை சிறு ஆய்வுகளே. ஆனால் பாட்டிமாரின் சமையலை மூடநம்பிக்கை என ஒதுக்கியோர்க்கு இவை போதிய விடையாகும். அதே வேளை பழமை யாவும் நன்று எனக் கொள்வதும் தவறு. சில வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக்கூட அளந்து கொடுத்தனர். பழங்களைக் 'குளிர்ச்சி' என்று விலக்கினர். இது பாலூட்டும் தாய்க்குப் பெருந்தீங்கு.

கீரையின் சிறப்பு எதில் உள்ளது? நறுக்கிய வாழைக்காய் சற்று நேரத்தில் கறுப்பதையும் இரும்பு துருப்பிடிப்பதையும் மாணவர் அறிவர். இவை காற்றிலுள்ள ஆக்சிஜன் செய்யும் வேலை. உடலின் உள்ளேயும் உணவு எரியும்போது இத்தகைய அரிப்பு நிகழ்கிறது. அதைத் தடுத்து நிறுத்தும் பொருள்களே ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள். கீரையின் கரோட்டினும் உயிர்ச்சத்து சி-யும், முருங்கையிலையின் குவர்செட்டினும், எண்ணெய் வித்துகளின் உயிர்ச்சத்து ஈ-யும் இவ்வகையைச் சேர்ந்தவை. சினைப்பையில் முட்டை முதிர்வதற்குச் சிறிதளவு ஆக்சிஜனேற்றம் தேவையே. அளவு மீறினால் முட்டை கெடும்.

இந்த அளவு மீறலுக்கு இன்று முதன்மைக் காரணங்களுள் ஒன்று உடற்பருமன். கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கன்று. அது இயக்குநீர்களைச் சுரப்பது, அழற்சியைத் தூண்டுவது. வயிற்றுக் கொழுப்பு மிகும்போது இன்சுலின் தன் வேலையைச் செய்ய இயலாமல் மேலும் மேலும் சுரக்கிறது. அது சினைப்பையைத் தூண்டி ஆண்மை இயக்குநீரை மிகுவிக்கிறது. முட்டை வெளிப்படாமல் தங்கிவிடுகிறது, மாதவிலக்குத் தவறுகிறது. ஸ்டைன், லெவெந்தால் என்னும் இருவர் 1935-இல் விவரித்த சினைப்பை நீர்க்கட்டி நோய் பலரிடம் இவ்வாறே முற்றுகிறது. எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைந்தாலே பலருக்குச் சூல் முட்டை மீண்டும் வெளிப்படுகிறது என்பது ஆறுதலான செய்தி.

பிள்ளை பிறந்தபின்னும் இடர் தொடர்கிறது. பெற்ற மூன்றாம் நாளுக்குள் பால் பெருகி இறங்குவது இயல்பு. பருத்த தாய்மாருக்கு இது தாமதமாவது மிகுதி. குழந்தை சப்பும்போது மூளையடிச் சுரப்பி வெளிவிட வேண்டிய புரோலாக்டின், பருமனான தாய்மாரிடம் முதல் வாரத்தில் குறைவாகவே வெளிப்படுவதை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து ராஸ்முசன் அம்மையார் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். 'பால் இல்லாதவள்' என்று மாமியார் பழித்த மருமகள்மாருள் எத்தனை பேர் இத்தகைய உடற்கூற்றுக் காரணத்தால் துன்புற்றனரோ! பால் தாமதிப்பதாலேயே டின்னைத் திறந்துவிட்டால், சப்புதல் குறைந்து சுரப்பு மேலும் குன்றும்.

மெலிந்து உழைத்த பெண்ணின் பேத்தி எவ்வாறு பருத்தாள்? 1960-களிலிருந்து ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை பரவியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல விற்கப்பட்டன. மக்கள் லயத்தை விட்டு நகர்ப்புற அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். நாள்தோறும் பல மைல் நடந்த கால்கள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறின. லயத்துப் பின்புறத்து முருங்கைக்கு மாடிவீட்டில் இடமில்லை. புழுங்கலரிசிக்குப் பதில் வெள்ளரிசி வந்தது. குழந்தைக்கு ஆகாது என வில்லியம்ஸ் அம்மையார் கண்டித்த இனிப்புக் கட்டிப்பால், ஏறத்தாழப் பாதி சர்க்கரையாகவே உள்ள அதே பால், காலையும் மாலையும் பெரியவர்களின் தேநீரில் கலந்தது. நெய்யும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்ந்த பத்திய உணவு, காட்டு வேலைக்குத் திரும்பவிருந்த ஒல்லியான பெண்ணுக்காக வகுக்கப்பட்டது. அதையே நடமாட்டமின்றி உண்பவளுக்கு அது சுமையாகிறது. 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் நூற்றுக்கு 50.1 பேர் மிகுஎடையோ உடற்பருமனோ உடையவர்கள். 2023-இல் இது 54.4 ஆயிற்று. இனவாரியாக நோக்கின் 2019-இல் முதலிடம் இந்தியருக்கே. பெண்களின் விகிதம் ஆண்களினும் கூடுதல். இதை மகளிரின் சோம்பல் எனப் பேசுவோர், அவர்கள் எதை உண்ண வேண்டுமென்பதை ஒரு நூற்றாண்டாக யார் முடிவு செய்தனர் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

இனிச் செம்பனைக்கு வருவோம். ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்தின் நான்கு கன்றுகள் 1848-இல் ஜாவாவின் போகோர் பூங்காவில் நடப்பட்டன. அவ்வழியில் வந்த வித்துகளைச் சுமத்திராவிலிருந்து பெற்று, சிலாங்கூர் ஆற்றோரத்து ரந்தாவ் பாஞ்சாங்கில் வாழ்ந்த ஹென்றி பொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் வளர்த்தார். 1917-இல் இன்று பெஸ்தாரி ஜெயா என வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை நிறுவினார். தோட்டத்தின் பெயரோ தென்னமரம், நடப்பட்டதோ செம்பனை! மலாயாத் தோட்ட வாழ்வைக் களமாகக் கொண்டு அவர் எழுதிய புதினம் 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது.

செம்பனைப் பழத்திலிருந்து பிழியும் எண்ணெய் செக்கச் சிவந்தது. ஒரு கிலோகிராமில் 500 முதல் 700 மில்லிகிராம் வரை கரோட்டின் உண்டு. உயிர்ச்சத்து ஈ-யின் ஒரு வகையாகிய டோக்கோட்ரையினால் இதில் மிகுதி. மேற்கு ஆப்பிரிக்கப் பெண்கள் இதைச் சிவப்பாகவே சமைத்துண்டனர். ஹோண்டுராசில் பாலூட்டும் தாய்மாருக்கு இச்செந்நிற எண்ணெயை அளித்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் பாலில் கரோட்டின் உயர்ந்தமை தெரியவந்தது. ஆனால் ஆலையில் நிறம் நீக்கி, மணம் நீக்கி, வெளுத்து எடுக்கும்போது கரோட்டின் ஏறக்குறைய முழுமையாக அழிந்துவிடுகிறது. உயிர்ச்சத்து ஈ மட்டும் ஓரளவு எஞ்சும். தவிட்டை நீக்கிய அரிசிக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது. சிவந்த எண்ணெயும் கொழுப்பே என்பதை மறத்தலாகாது. அதில் ஏறத்தாழப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. ஒவ்வொரு கிராமும் ஒன்பது கலோரி தரும். பருத்த உடலுக்கு அதைத் தாராளமாக ஊற்றிக்கொள்ளச் சொல்வது மருத்துவமாகாது.

அவ்வாறாயின் அச்சத்துகளைப் பிரித்து மாத்திரையாக விழுங்கலாமே எனில், அனுபவம் வேறாக உள்ளது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,000-க்கு மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில் கரோட்டின் மாத்திரை உண்டோர்க்கு நுரையீரல் புற்றுநோய் கூடியதாக 1994-இல் அறிவிக்கப்பட்டது. பிரிட்டனில் 2006-இல் வெளிவந்த ஆய்வில், இடர் மிகுந்த கர்ப்பிணிகளுக்கு உயிர்ச்சத்து சி-யும் ஈ-யும் பேரளவில் கொடுத்தும் கர்ப்பகால இரத்த அழுத்த நோய் குறையவில்லை. மாறாக எடை குன்றிய குழந்தைகள் கூடுதலாகப் பிறந்தன. கருத்தரியாத பெண்களுக்கு இம்மாத்திரைகள் பயன்படுமா என ஆராய்ந்த தொகுப்பாய்வுகள், கிடைக்கும் சான்றுகள் வலிமை குன்றியவை என்றே கூறுகின்றன.

இதனினும் கூர்மையான சான்று சாயோர் மானிஸ் கீரையே தருகிறது. இந்தோனேசியாவில் 'காத்தூக்' எனப்படும் இக்கீரையை வேகவைத்துத் தாய்ப்பால் பெருகுவதற்காக உண்பது நெடுநாள் வழக்கம். தைவானில் 1994, 1995-ஆம் ஆண்டுகளில் உடல் மெலிவதற்காக இதைப் பச்சையாக அரைத்துச் சாறாக நாள்தோறும் பருகினர். பலருக்கு நுரையீரல் சிதைந்து மூச்சுத் திணறல் உண்டாயிற்று, இறந்தோரும் உளர். ஒரே கீரை; குழம்பில் உணவு, சாற்றுக் குவளையில் நஞ்சு. முருங்கையிலும் இலை உணவாகும். வேரும் வேர்ப்பட்டையும் சூலுற்ற பெண்ணுக்கு ஆகா. வெந்தயத்தையும் கருவுற்ற காலத்தில் தாளிப்பின் அளவோடு நிறுத்திக்கொள்வதே முறை.

பேறுகால விடுப்பு 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 60 நாளாக இருந்தது. 2023 சனவரி முதல் நாளிலிருந்து அது 98 நாளாயிற்று. ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுச் சென்றவளுக்குக் கிட்டாத ஐந்து வாரங்கள் அவள் பேத்திக்குக் கூடுதலாகக் கிட்டியுள்ளன. பருமனால் பால் தாமதிக்கும் தாய்க்கு அந்த நாள்கள் பெரிதும் வேண்டப்படுபவை. ஆனால் அந்த நாள்களில் அவள் அடுப்பிலேறும் எண்ணெய், 2016 முதல் அரசு உதவி விலையில் இரண்டு வெள்ளி ஐம்பது காசுக்கு விற்கப்படும் ஒரு கிலோ நெகிழிப் பை எண்ணெய். வடசிலாங்கூர் ஆலைகளிலிருந்து செந்நிறமாகப் புறப்படும் செம்பனை எண்ணெய், சுத்திகரிப்பு நிலையம் சென்று, வெளிறிய மஞ்சளாக அதே ஊர்களின் மளிகைக் கடைகளுக்கு அந்தப் பையில் திரும்பி வருகிறது.